சனிக்கு மட்டுமா வளையம்?

ஆசிரியருக்கு வணக்கம். சனியின் வளையங்கள் 2025 மார்ச்சில் விளிம்பை நம் பக்கம் காட்டி மறைந்ததைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எளிமையாக இருந்தது. ஆனால் 'வளையம் உள்ள ஒரே கோள்' என்று எழுதியது சரியில்லை. வியாழன், யுரேனஸ், நெப்டியூன் மூன்றுக்கும் வளையங்கள் உண்டு. சனியின் வளையம் பெரும்பாலும் பனிக்கட்டி என்பதால் பளிச்சென்று தெரிகிறது. மற்றவை மங்கல், அவ்வளவுதான். 1977 மார்ச் 10 இரவு யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, அதற்கு முன்னும் பின்னும் அந்த ஒளி சில நொடிகள் மங்கி மீண்டது. வளையம் இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. அந்த மங்கலைப் பதிவு செய்த தொலைநோக்கிகளில் நம் தமிழ்நாட்டின் காவலூர் வானாய்வகத்தில் இருந்ததும் ஒன்று. இதையல்லவா நம் பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டும்?

திருநள்ளாறு பக்கத்திலேயே இருப்பதால் டெல்டாவில் சனியின் பெயர் தெரியாத பிள்ளை கிடையாது. 2018-ல் எங்கள் ஊர் நெற்களத்தில் ஒரு சிறிய தொலைநோக்கியை வைத்துக் காட்டினேன். ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் பார்த்துவிட்டு, முன்பக்கம் ஓடிப்போய்க் கண்ணாடியில் படம் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தான். அப்புறம் மறுபடியும் வந்து வரிசையில் நின்றான். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு நூலகத்திலாவது தொலைநோக்கி வாங்கி வைத்து, மழை ஓய்ந்த தை, மாசி இரவுகளில் பள்ளிகளுக்கு முறை வைத்துக் காட்ட அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

– ஓய்வு பெற்ற ஆசிரியர், மன்னார்குடி