பாக்ஸில் கத்திய பல்லி

மண்டபம்,
ஆடி, ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. எழுத உட்காரும்போதெல்லாம் கச்சான் காற்றில் எங்கேயோ ஒயர் உரசிக் கரண்ட் போய்விடுகிறது. இப்போதும் காற்று நிற்கவில்லை. வாசல் பனையோலை படபடவென்று அடித்துக்கொண்டிருக்கிறது. அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. தடைக்காலம் ஜூன் 14-ஓடு முடிந்து தம்பி கடலுக்குப் போய்வருகிறான். மீன்பாடு சுமார்தான்.

நீ கேட்டிருந்தாய்: "லேப்டாப் வாசிக்க, நீ கீபோர்டு மேலே கை வைத்துக்கொண்டு நிற்பதற்குப் பேர் கச்சேரியா?" கேள்வி சுருக்கென்று தைத்தது. பதிலைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் வைகாசியில் நான் பட்ட அவமானத்தைக் கேள், உனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

தென்கடல் பக்கம் ஒரு கிராமம், அம்மன் கோயில் முளைப்பாரி. தடைக்காலம், படகெல்லாம் கரையில், ஊரே பந்தலில். நாங்கள் இப்போது ஐந்து பேர்தான். பாடுகிற தம்பி, பாடுகிற தங்கச்சி, ஆக்டோபேட் (குச்சியால் தட்டும் எலக்ட்ரானிக் டிரம்), பேஸ் கிட்டார், கீபோர்டில் நான். நீ தபேலா வாசித்த காலத்தில் பன்னிரண்டு பேர் ஒரே வேனில் மடிமேல் மடியாக உட்கார்ந்து போனோமே, அந்தச் சம்பளத்தை இன்று எந்தக் கமிட்டியும் தராது. வயலின், புல்லாங்குழல், கோரஸ் எல்லாம் லேப்டாப்பில் ட்ராக்காக ஓடுகிறது.

அமைப்பு இதுதான். லேப்டாப்போடு ஒரு ஆடியோ இண்டர்பேஸ், அதாவது ஒலியைத் தனித்தனி ஒயரில் வெளியே அனுப்பும் பெட்டி, அதில் நான்கு அவுட். 1-ம் 2-ம் மைக்செட்டுக்கு. 3 ஆக்டோபேட் தம்பியின் காதுக்கு. அதில் தாளம் காட்ட 'டிக் டிக்' என்று கிளிக்கும், "சரணம்... ரெண்டு... மூணு... நாலு" என்று என் குரலில் பதிந்த எச்சரிக்கையும் வரும். ஊருக்குப் பாட்டு, அவனுக்கு மட்டும் கிளிக். 4 சும்மா கிடக்கிறது.

முதல் மூன்று பாட்டு சுத்தமாகப் போனது. நான்காவது பாட்டில், கடற்கரை வரைக்கும் கட்டியிருந்த ஸ்பீக்கர் பாக்ஸ் அத்தனையிலும் டிக், டிக், டிக். தங்கச்சி பல்லவியை எடுத்த இடத்தில் என் குரல் இடிபோல "ரெண்டு, மூணு, நாலு" என்றது. முன்வரிசையில் ஒரு அப்பத்தா பக்கத்தில் இருந்தவரிடம், "பல்லி கத்துதுடி, எந்தத் திசைன்னு பாரு" என்றார். கூட்டம் சிரித்த சிரிப்பில் தங்கச்சியும் சிரித்து வரியை விட்டுவிட்டாள்.

மைக்செட் அண்ணன் ஓடிவந்து ஒயரை மாற்றினார், பின்னைப் பிடுங்கி வேறு சேனலில் குத்தினார், பல்லி நிற்கவில்லை. நான் கிளிக்கை மியூட் செய்தேன். பல்லி போனது, கூடவே ஆக்டோபேட் தம்பியின் காதும் ஊமையானது. மீதிப் பாட்டை நான் தலையை ஆட்டி ஆட்டி ஓட்டினேன். கழுத்து இரண்டு நாள் வலித்தது.

பாட்டு முடிந்ததும்தான் புத்தி வேலை செய்தது. மூன்று பாட்டுக்கு ஒழுங்காக இருந்த ஒயர் நான்காவது பாட்டில் மட்டும் கெட்டுப்போகாது. அப்படியானால் கோளாறு அந்தப் பாட்டின் பைலுக்குள்தான். கமிட்டிக்காரர் கேட்டார் என்று அன்று மத்தியானம்தான் அந்த அம்மன் பாட்டை, ட்ராக்குகளை ஓட்டும் ரீப்பர் மென்பொருளில் அவசரமாகச் சேர்த்திருந்தேன். அதில் புது ட்ராக் போட்டால் அது தானாகவே மாஸ்டருக்கும், அதாவது ஊர் கேட்கும் 1, 2-க்கும் போகும், தொப்புள்கொடி மாதிரி. கிளிக்கை 3-க்கு அனுப்பினால் மட்டும் போதாது, மாஸ்டருக்குப் போகும் வழிக்கு ரீப்பர் போட்டிருக்கும் டிக் அடையாளத்தையும் எடுக்க வேண்டும். பழைய பாட்டுகளில் எடுத்திருந்தேன், இதில் மறந்துவிட்டேன். கொடியை அறுக்காமல் பிள்ளையை ஊருக்குக் காட்டிய கதை.

இப்போது எந்தப் புதுப் பாட்டையும் காலி பைலில் தொடங்குவதில்லை. எல்லா வழியும் சரிபார்த்த ஒரு மாதிரி பைல் இருக்கிறது, அதை நகல் எடுத்துத்தான் போடுகிறேன். கிளம்புவதற்கு முந்தின இரவு 1, 2 அவுட்டை மட்டும் ஹெட்போனில் போட்டு முழுக் கச்சேரியையும் கேட்கிறேன். ஒரு பாட்டைக்கூடத் தாண்டுவதில்லை.

வாட்ஸ்அப் சத்தம் பாக்ஸில் வந்த கதையும் ஒன்று உண்டு. விண்டோஸின் சொந்தச் சத்தங்களை லேப்டாப்பின் குட்டி ஸ்பீக்கருக்குத் திருப்பிவிட்டு, பாட்டை மட்டும் ஏஸியோ டிரைவர் என்கிற தனி வழியாக இண்டர்பேஸுக்கு அனுப்பினால் தொல்லை இல்லை. முடிந்தால் நெட்டையே அணைத்துவிடு. பட்பட்டென்று இடையில் வெடிக்கிறது என்று நீ ஸ்டுடியோவில் புலம்புவாயே, அது எனக்கும் இருந்தது. பபரை, அதாவது லேப்டாப் ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்பும் ஒலித் துளிகளின் எண்ணிக்கையை, 64-இல் வைத்திருந்தேன், என்னமோ வேகம் வேண்டும் என்று. லேப்டாப் வழியாக யாரும் நேரடியாக வாசிக்காதபோது அந்த அவசரம் எதற்கு? 1024-க்கு ஏற்றினேன். நொடிக்கு 48 ஆயிரம் துளி ஓடும் 48 கிலோஹெர்ட்ஸில் அது 21 மில்லிசெகண்ட் தாமதம்தான். ட்ராக்கும் கிளிக்கும் சேர்ந்தே தாமதிப்பதால் ஒருவருக்கும் தெரியவில்லை.

அப்புறம் மிடி, கீபோர்டும் லேப்டாப்பும் ஒன்றுக்கொன்று பேசும் பாஷை. பேரைப் பார், தமிழில் மிடி என்றால் வறுமை. 1983-இல் வந்த சமாச்சாரம், இன்றைக்கும் அதே பாஷைதான். என் கீபோர்டில் பாட்டுக்குப் பாட்டு சவுண்டை மாற்ற இரண்டு கையும் காணாது என்று, லேப்டாப்பே மிடியில் சொல்லி மாற்றும்படி செய்தேன். முளைப்பாரிப் பாட்டின் நடுவில் நாதஸ்வரத்துக்குப் பதிலாக ஷெனாய் வேண்டும். சவுண்டுகளுக்குப் பொதுவாக எண் போட்ட பொது மிடி பட்டியலில் ஷெனாய் 112. நானும் 112 என்று போட்டேன். வீட்டில் ஒத்திகை பார்க்கிறேன், அந்த இடம் வந்ததும் கிணிகிணி என்று குட்டி மணி அடிக்கிறது. அம்மா உள்ளேயிருந்து, "பூஜையா பண்ற?" என்கிறார்.

விஷயம் இவ்வளவுதான்: மிடி உள்ளுக்குள் 0-இலிருந்து 127 வரை எண்ணும். அட்டையில் அச்சிட்ட பட்டியல் 1-இலிருந்து 128 வரை எண்ணும். நான் அனுப்பிய 112, பட்டியலில் 113. அது மணி. அந்தப் பக்கம் தவறியிருந்தால் 111, பிடில். எந்தப் பெட்டி எதிலிருந்து எண்ணுகிறது என்று முதலில் பார்த்துக்கொள். சவுண்ட் ஒரு வீடு தள்ளி வந்தாலே இதுதான் என்று வைத்துக்கொள். சம்பந்தமே இல்லாமல் வேறு தெருவில் இருந்தால் பேங்க் எண், அதாவது சவுண்ட் தொகுப்பின் எண், தவறு. பேங்கைச் சொல்லும் கன்ட்ரோல் செய்திகள் 0, 32 இரண்டும் முதலில் போக வேண்டும், அதற்குப் பிறகுதான் சவுண்ட் எண்.

இன்னொன்று. சவுண்ட் மாற்றத்தைச் சரியாகச் சமத்தில், தாளம் தொடங்கும் அடியில், வைத்தால் முதல் சுரம் பழைய சவுண்டில் ஒலித்துவிடுகிறது. ஒரு ஆவர்த்தனம், ஒரு தாளச் சுற்று, முன்னால் வை. அதோடு, தம்பி வரி மறந்து "சரணத்திலேர்ந்து போவோம்ணே" என்று சைகை காட்டினால், பாட்டின் ஆரம்பத்தில் வைத்த செய்தி போகாமலே போகலாம். நான் இப்போது ஒவ்வொரு பகுதியின் தலையிலும் அதே செய்தியைத் திரும்ப வைத்துவிட்டேன். வீட்டுக்கு வீடு வாசல்படி.

சுதி ஏறிய கதையை மட்டும் சொல்லிவிடுகிறேன். பங்குனியில் ஒரு கல்யாண மண்டபம், வாடகைக்கு வந்த டிஜிட்டல் மிக்சர். இண்டர்பேஸ் எதற்கு, நேராக யூஎஸ்பியில் கொடுங்கள் என்றார்கள். கொடுத்தேன். முதல் வரியிலேயே தங்கச்சி திரும்பிப் பார்த்து, "அண்ணே, சுதி ஏறிப்போச்சு" என்றாள். கீபோர்டில் தேடுகிறேன், எந்தக் கட்டையிலும் நிற்கவில்லை, இரண்டு கட்டைக்கு நடுவில் தொங்குகிறது. பாட்டும் ஓட்டமாக ஓடுகிறது. மிக்சர் 48 கிலோஹெர்ட்ஸில் நிற்கிறது, லேப்டாப் 44.1 என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அந்த வித்தியாசத்துக்குச் சுருதிக் கணக்கில் ஏறக்குறைய முக்கால் கட்டை ஏறும், நிமிஷத்துக்கு 100 அடியில் போக வேண்டிய தாளம் 109-இல் போகும். சுதி மட்டும் ஏறினால் டிரான்ஸ்போஸ் பட்டனில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். வேகமும் சேர்ந்து ஏறினால் இந்த எண்ணைப் பார். இரண்டு பக்கத்தையும் 48 ஆக்கினோம், ஒரு நிமிஷ வேலை. ஆனால் அந்த ஒரு நிமிஷம் மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

ம்ம்ம் என்கிற இரைச்சல் உனக்குத் தெரிந்ததுதான். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடும், அப்போது எர்த் வழியாக இரண்டு பாதை உண்டாகியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு ஊரில் மைக்செட் பையன் பிளக்கின் எர்த் பின்னையே உடைத்துவிடலாம் என்றான். ஈர மணலில் நின்று, உதட்டை மைக்கில் வைத்துப் பாடுகிற பிள்ளை தங்கச்சி. நான் கத்திவிட்டேன். ஒலி ஒயரின் நடுவில் டிஐ பாக்ஸ் என்கிற சின்னப் பெட்டியை வைத்து, அந்த ஒயரின் எர்த்தை மட்டும் பிரிக்கும் எர்த் லிப்ட் பட்டனை அமுக்கினால் இரைச்சல் போகும், உயிரும் போகாது.

நம் ஊருக்கே உரிய கோளாறு வேறு. போன மாதம் ஒரு ஜாக் பின்னைக் கழற்றினேன், நுனியில் பச்சைக் களிம்பு, புளி காணாத பித்தளைச் சொம்பு மாதிரி. அதை லேசாகத் திருகினால் ட்ராக் வருகிறது, விட்டால் போகிறது. நான் மூன்று கச்சேரியாக அதை லேப்டாப்பின் குற்றம் என்று திட்டிக்கொண்டிருந்தேன். 1914-இல் திறந்த பாம்பன் பாலத்தையே அரித்து, 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்த வைத்த காற்று இது, என் ஜாக் எம்மாத்திரம்? இப்போது கச்சேரி முடிந்த இரவே கான்டாக்ட் கிளீனர் அடித்து, துணியால் துடைத்து, மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா பொட்டலத்தோடு வைக்கிறேன். கருவாட்டு டப்பா பக்கத்தில் வைக்காதே என்று மட்டும் வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

சரி, உன் கேள்வி.

ட்ராக்கில் எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான். அது யாருக்காகவும் நிற்காது. நீ தபேலாவில் உட்கார்ந்திருந்தபோது, பாடுகிறவர் ஒரு சங்கதியை இன்னும் ஒருதரம் சுற்ற நினைக்கிறார் என்பது அவர் கழுத்து நரம்பிலேயே உனக்குத் தெரிந்துவிடும். இடது கையில் 'கும்' என்று ஒரு இழுப்புக் கொடுத்துக் காத்திருப்பாய். முளைப்பாரி அன்று, கிளிக் கூத்துக்கு அப்புறம், பாடுகிற தம்பி ஒரு விருத்தம், தாளக் கட்டில்லாமல் இழுத்துப் பாடுவது, எடுத்தான். கூட்டம் உருகிப்போய் இருந்தது. இன்னும் இரண்டு சுற்று போயிருப்பான். ட்ராக் சரணத்துக்குப் போய்விட்டது, அவன் வாய் திறந்தபடி நின்றான். கிளிக் வெளியே கேட்டதைவிட அதுதான் எனக்குக் கேவலமாக இருந்தது.

அதனால் ஒரு வேலை செய்திருக்கிறேன். விருத்தம் வரும் இடத்தில் கீழே ஒற்றைச் சுருதியும் மெல்லிய தந்தி இசையும் மட்டும், நாலு ஆவர்த்தனம், சுற்றிக்கொண்டே இருக்கும். கீபோர்டில் சுரத்தை நீட்டப் பயன்படும் பழைய சஸ்டெயின் பெடலைச் சின்ன மிடி பெட்டியில் செருகி இடது காலடியில் வைத்திருக்கிறேன். அதை அமுக்கினால், ஓடுகிற சுற்று முடிந்ததும் சரணத்துக்குப் போகும். அமுக்காதவரை தம்பி விடிய விடியப் பாடலாம், பத்து மணிக்குப் போலீஸ் வரும் வரைக்கும். இதிலும் ஒரு குசும்பு இருந்தது. முதல் நாள் பெடல் தலைகீழாக வேலை செய்தது, காலை எடுத்தால் தாவியது. பெட்டியை ஆன் செய்யும்போது என் கால் பெடல்மேல் இருந்திருக்கிறது, அது அதையே 'அமுக்காத நிலை' என்று எடுத்துக்கொண்டது. இப்போது ஆன் செய்யும்போது சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். கூட்டம் ஏதோ பக்தி என்று நினைக்கிறது.

காலால் காத்திருக்கப் பழகுகிறேன் மாப்ளே. இன்னும் கொஞ்சம் சீக்கிரமாகவே அமுக்கிவிடுகிறேன், போன வாரம்கூடத் தம்பி முறைத்தான்.

ஆவணி கடைசியில் உச்சிப்புளி பக்கம் ஒரு கச்சேரி பேசியிருக்கிறது. லீவு போட்டுவிட்டு வா, வரும்போது அங்கே கடையில் இரண்டு டிஐ பாக்ஸ் வாங்கி வா, காசு கையில் தருகிறேன். தபேலாவையும் எடுத்து வா. அந்த விருத்தத்துக்கு அன்றைக்கு ட்ராக் போடவில்லை. 4-ஆம் அவுட்டிலும் உன் காதுக்கு ஒன்றும் அனுப்ப மாட்டேன்.

உன் பழைய கீபோர்டுக்காரன்