எந்த ஆண்டின் மண்டபம்?

அன்புள்ள மகனுக்கு,

பெய்ஜிங்கின் யுவான்மிங்யுவான் தோட்டத்தில் இருந்து அழிந்த ஷென்த மண்டபத்தை நீ மீட்டு வரைந்த படங்கள் வந்து சேர்ந்தன. முகடு இல்லாமல் உருண்டு இறங்கும் மூன்று கூரைகளையும் அடுத்தடுத்து ஒட்டி, இடையில் நீர் வடியும் பள்ளம் முதற்கொண்டு போட்டிருக்கிறாய். பட்டறைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினேன். என் மகன் போட்டது என்று சொன்னேன்.

ஆனால் இறவாரத்தின் கீழே, தூணுக்கு மேல் கூரையைத் தாங்கும் போதிகை அடுக்கு எதற்கு? யுவான்மிங்யுவான் என்பது சீனப் பேரரசர்கள் வாழ்ந்த தோட்டம். அங்கே பெரும்பாலான கட்டடங்கள் போதிகை இல்லாத எளிய முறையில் எழுந்தவை. 1734ஆம் ஆண்டின் சீன அரசுக் கட்டட விதிநூலில் தூணின் பருமன் ஆறு தோகோ, அதாவது போதிகையின் வாயகலத்தைப் போல் ஆறு மடங்கு, என்று இருப்பதை அப்படியே பிடித்துக்கொண்டாய். போதிகையே இல்லாத இடத்தில் அதன் வாயகலத்தை எங்கிருந்து எடுத்தாய்? எளிய முறைக்கு அதே நூலில் வேறு கணக்கு இருக்கிறது: அங்கணத்தின், அதாவது இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட இடத்தின், அகலத்தில் பத்தில் எட்டுப் பங்கு தூணின் உயரம், நூற்றில் ஏழு பங்கு பருமன். சிறுவயதில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாயே.

பரம்பரையாக அரண்மனைக் கட்டடங்களை வடிவமைத்த லெய் குடும்பத்தாரின் வரைபடம் கையில் இருப்பதாலேயே அது உண்மையில் நின்ற கட்டடம் என்று நம்பிவிடாதே. 1860 அக்டோபரில் ஆங்கிலேயப் படை வைத்த தீயில் தோட்டம் அழிந்தது. 1873இல் தோங்ஷி பேரரசர் மறுபடி கட்டச் சொன்னார். பணமில்லாமல் மறு ஆண்டே வேலை நின்றது. அதற்குள் லெய் குடும்பத்தார் வரைந்து குவித்தது ஏராளம். தாளையும் சோளத்தட்டையும் ஒட்டி, காய்ச்சிய இரும்பால் அழுத்திச் செய்த மாதிரிகளில் கூரையைத் தூக்கினால் உள்ளறைத் தடுப்புகள் வரை தெரியும், ஒட்டிய சீட்டில் அளவுகளும் இருக்கும். அவ்வளவு துல்லியமாக இருப்பதால்தான் ஏமாந்துபோகிறோம். 1850இல் தாவோகுவாங் பேரரசர் கண்மூடிய மண்டபம் ஒன்று. அவருடைய பேரன் தோங்ஷிக்காக எண்ணிப் பார்த்தது இன்னொன்று. நீ இரண்டையும் ஒரே தாளில் கலந்திருக்கிறாய். ஒவ்வொரு வரைபடத்திடமும் முதலில் கேள்: நீ எந்த ஆண்டு, உன்னைக் கட்டினார்களா?

பார்சலின் மேல் முகவரி வேறாக இருந்தது. அனுப்பியவர் என்ற இடத்தில் உன் பெயர் மட்டும். வாடகை கூடியிருக்கும், அதனால் வீடு மாறியிருப்பாய் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

இரவில் கண் விழிக்காதே. வேளைக்குச் சாப்பிடு. போதிகையை எடுத்துவிடு. தெரியாத பகுதியை வெறுமையாக விட்டுவை, அதில் குறைவு ஒன்றுமில்லை. லெய் வீட்டார் பரம்பரைத் தாள்களை விற்றபோது, 1930இல் பெய்பிங் (அன்றைய பெய்ஜிங்) நூலகம் அவற்றை வாங்கிக் காத்ததே, அதனால்தான் இன்று நமக்கு இவ்வளவாவது தெரிகிறது. இல்லாததை நீ இட்டு நிரப்பினால் பின்னால் வருகிறவன் அதையும் ஆவணம் என்று எடுத்துக்கொள்வான். கட்டினார்களா என்று கேள், மகனே. அதைக் கேட்காமல் ஒரு கோடும் போடாதே.

இங்கே எல்லோரும் நலம். மாமாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது.

மருமகளுக்காக அம்மா பஞ்சு வைத்துத் தைத்த குளிர்ச்சட்டை தயாராக இருக்கிறது. அதை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று எழுது.

அப்பா