அந்தக் கட்டடத்தின் சாவியை வைத்திருப்பவர்களுக்கு

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் முடுக்கின் முனையில் பூட்டிக் கிடக்கும் பழைய டிஸ்பென்சரிக் கட்டடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். உங்கள் அலுவலகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. கட்டடத்துக்குப் பொறுப்பு நீங்கள்தான் என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். மருந்தகம் வேறிடத்துக்குப் போனது, அப்புறம் கொஞ்சக் காலம் பழைய சாமான் போட்டு வைத்தது, கடைசியில் கேட்டுக்குச் சங்கிலி போட்டது எல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது. வட்டாரத்தார் கையெழுத்து வைத்துத் தந்த மனுவும் அதற்குள்தான் இருக்க வேண்டும். நாங்கள் கேட்பது ஒன்றுதான். அந்தக் கட்டடத்தைத் திருத்தி, எங்கள் வட்டாரத்துக்குச் சனசமூக நிலையமாகத் திறந்து தாருங்கள்.

இதை இப்போது பகிரங்கமாக எழுதக் காரணம், போன மாதம் நடந்த ஒரு மரண வீடு.

எங்கள் முடுக்கில் வயதான ஒரு அம்மா காலமானார். வீடு என்று சொன்னால் ஒரு அறையும் குசினியும். பெட்டியை உள்ளே வைத்தால் ஆள் நிற்க இடமில்லை. மலர்ச்சாலையில் வைக்க எவ்வளவு என்று விசாரித்தார்கள். மகனுக்கு நாட்கூலி வேலை, கட்டுப்படியாகவில்லை. அதனால் முடுக்கிலேயே இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டு, மேலே தறப்பாள் கட்டி, பெட்டியை வைத்தோம். பின்னேரம் மழை பிடித்துக்கொண்டது. வாய்க்கால் நிரம்பி முடுக்கு முழுக்கக் கறுப்புத் தண்ணீர். தறப்பாளில் தேங்கிய தண்ணீர் ஒரு பக்கமாகச் சரிந்து கொட்டியது. பெண்கள் ஒரு கையால் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் பெட்டிக்குக் குடை பிடித்தார்கள். பதுளையிலிருந்து பஸ் ஏறி வந்த தங்கைக்கு ஒரு கதிரை போட்டுக் கொடுக்க நனையாத இடம் கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் நாலு எட்டு வைத்தால் உங்கள் கட்டடத்தின் விறாந்தை. முன்பக்கம் முழுவதும் ஓடுகிற அகலமான விறாந்தை. அதன் கூரையில் இன்னும் ஓட்டை விழவில்லை. காவலாளியிடம் போய்க் கேட்டோம். உள்ளே வேண்டாம், விறாந்தை மட்டும், பிரேதம் எடுக்கும் வரைக்கும். அவர் நல்ல மனிதர், யாருக்கோ போன் எடுத்துக் கேட்டும் பார்த்தார். மேலிடத்து அனுமதி இல்லாமல் திறக்க முடியாது என்று பதில் வந்தது. அந்த மேலிடம் எது, அனுமதியை யாரிடம் கேட்பது என்று அன்றைக்கும் யாரும் சொல்லவில்லை, இன்று வரைக்கும் சொல்லவில்லை. வயதுபோன ஒருவரை மரியாதையாக அனுப்பி வைக்க நாங்கள் கேட்டது சில மணி நேரம் மட்டுமே. அதை மறுத்தது சரியா என்று நீங்களே சொல்லுங்கள்.

தொடர்மாடிகளுக்குக் குடிபோன எங்கள் உறவுகளின் நிலைமையும் இதை விட நல்லதில்லை. லிஃப்டுக்குள் பெட்டி போகாத மாடிகளில் படிக்கட்டு வழியே தோளில் இறக்குகிறார்கள். கொழும்பில் ஏழைக்கு வீடு கட்டுபவர்கள், அந்த வீட்டிலும் சாவு வரும், பூப்பு நீராட்டு வரும், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கும் என்பதை யோசித்துத்தான் கட்ட வேண்டும்.

கட்டடத்தைத் திறக்கச் சொன்னால், ‘பாவனைக்கு உகந்ததல்ல’ என்பது உங்கள் பதில். நான் கட்டட வேலையில் ஓவசியராக இருந்து ஓய்வு பெற்றவன். வெளியே நின்று பார்த்த மட்டில் சொல்கிறேன். சுவர் கபுக் கல் (செம்புரைக்கல்), சுண்ணாம்புச் சாந்து, நல்ல தடிப்பு. அது இன்னும் உறுதியாகத்தான் நிற்கிறது. கெட்டுப்போயிருப்பது பீலியும் பின்பக்கக் கூரையும். பீலி அடைத்ததால் மழைத் தண்ணீர் சுவருக்குள் இறங்குகிறது. பின் மூலையில் ஒரு அரசங்கன்று முளைத்திருக்கிறது. இப்போது அகற்றினால் சின்ன வேலை, வேர் உள்ளே இறங்கிவிட்டால் சுவரையே பிரிக்க வேண்டி வரும். எப்போதோ சுவரின் அடிப்பக்கத்துக்குச் சீமெந்து பூசியிருக்கிறார்கள். அது பெரிய பிழை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுத்தாலும் வெளியே விட்டுவிடும். சீமெந்து அந்த வழியை அடைத்துவிடுவதால் உள்ளே தங்கும் ஈரமும் உப்பும் கல்லை உதிர்த்துக் கொட்டும். ஆகவே திருத்தும்போது தயவுசெய்து சீமெந்தையும் டைல்ஸையும் கொண்டுவந்து கொட்டாதீர்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு பொறியியலாளரை அனுப்புங்கள். முதலில் கூரையும் பீலியும். மற்றதைக் காசு வர வரச் செய்யலாம்.

முடியாத காரியம் இல்லை. புறக்கோட்டை பிரின்ஸ் வீதி டச்சு அருங்காட்சியகத்தைப் பாருங்கள். மழையில் சுவர் விழுந்து, இடித்துவிடலாம் என்று பேசப்பட்ட கட்டடம் அது. 1977 முதல் 1981 வரை திருத்தி, 1982இல் மக்களுக்குத் திறந்தார்கள். கோட்டை ஒல்லாந்தர் மருத்துவமனை 1681இலேயே இருந்த கட்டடம். 2011இல் அதையும் அழகாகத் திருத்தினார்கள். முன்பு மனநல மருத்துவமனையாக இருந்த கட்டடமும் 2014இல் சுதந்திர சதுக்க ஆர்கேட் ஆகிவிட்டது. அப்படியானால் கைத்திறன் இந்த நாட்டில் இருக்கிறது, மனம் வைத்தால் காசும் வருகிறது. ஆனால் பின்னே சொன்ன இரண்டிலும் இன்று இருப்பவை கடைகளும் உணவகங்களும். நோயாளிகளுக்காகக் கட்டிய மருத்துவமனைக்குள் இன்று ஒரு கதிரையில் உட்கார வேண்டுமென்றால் காசு கொடுக்க வேண்டும். கொம்பனித் தெருவில் பழைய வீட்டு வரிசைகள் போய்க் கோபுரங்கள் எழும்பிவிட்டன. இந்த நகரத்தைக் கூட்டிப் பெருக்குகிறவர்களுக்கும் மூட்டை தூக்குகிறவர்களுக்கும் உட்கார மட்டும் எங்கேயும் இடம் ஒதுக்குவதில்லை. ஒவ்வொரு முறையும் ஏன் எங்களை மறக்கிறீர்கள்?

மன்னிக்க வேண்டும், கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன். எங்கள் கட்டடத்துக்கே வருகிறேன்.

அண்மையில் அளவெடுக்கும் கருவியோடு சிலர் வந்து போனார்கள். எதற்கென்று கேட்டால் பதில் இல்லை. உணவகம் வரப்போகிறது என்று ஊரில் பேச்சு. அது உண்மையானால், ஒப்பந்தம் எழுதுவதற்கு முன்னால் எங்களைக் கூப்பிட்டுக் கதையுங்கள். கோயில், தேவாலயம், பள்ளிவாசல், பன்சலை என்று எல்லாத் தரப்பும் இதில் எங்களோடு நிற்கிறது. எங்கள் வட்டாரத்திலேயே மேசன், தச்சன், வயர் வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். வளவைத் துப்புரவு செய்யச் சிரமதானத்துக்கு நாளைக்கே தயார். பகலில் முதியவர்கள் பேப்பர் பார்க்கட்டும், பின்னேரம் பிள்ளைகள் படிக்கட்டும், நல்லது கெட்டதுக்குக் குறைந்த வாடகையில் மண்டபமாக இருக்கட்டும். வாடகைப் பணத்தைப் பராமரிப்புக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுபடியும் பணிவாகக் கேட்கிறேன். கட்டடத்தைத் திருத்துங்கள், சனசமூக நிலையமாகத் திறந்து தாருங்கள். அதுவரைக்கும் மரண வீடுகளுக்கு அந்த விறாந்தையை மட்டுமாவது கொடுக்கும்படி காவலாளிக்கு எழுத்தில் அறிவியுங்கள். எங்கள் மனுவுக்கான பதிலைத் தமிழிலும் அனுப்புங்கள். 1987இலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. நேரில் கதைக்க வேண்டுமென்றால் நாளையும் நேரத்தையும் சொல்லுங்கள், வேலைக்கு லீவு போட்டுவிட்டு வருகிறோம்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனைவாசி ஒருவர்