புதுப் பிஸ்டலில் தோட்டா சிக்கினால் உப்புத்தாளை எடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிதாக வாங்கிய செமி-ஆட்டோமேட்டிக் பிஸ்டலில் தோட்டா அடிக்கடி சிக்குகிறது என்று கேட்ட வாசகருக்கு, ஃபீட் ராம்ப்பை (தோட்டா குழலுக்குள் ஏறும் சரிவு) உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கும்படி உங்கள் கேள்வி-பதில் பகுதியில் சொல்லியிருந்தீர்கள். கடைசியாக, அதுவும் கைதேர்ந்த பழுதாளர் மட்டுமே செய்ய வேண்டிய வேலை அது. தேய்த்து எடுத்த உலோகத்தை யாராலும் திரும்ப ஒட்ட முடியாது. உத்தரவாதமும் பெரும்பாலும் அத்தோடு போய்விடும். புதுப் பிஸ்டலின் சிக்கல்களில் பெரும்பாலானவை மேகசினிலோ (தோட்டாக்களை நிரப்பிச் செருகும் பெட்டி), தோட்டாவிலோ, துடைக்காத கிரீஸிலோ, பிடிக்கும் கையிலோ இருக்கின்றன. இந்த நான்கையும் பார்க்க ஒரு கருவியும் தேவையில்லை.

சோதிப்பதற்கு முன் ஒரு விஷயம். முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும். அதன்பிறகே ஸ்லைடை (பிஸ்டலின் மேல் முன்பின் ஓடும் பாகம்) இழுத்துப் பூட்டி, சேம்பரை (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை) கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டு உறுதிசெய்ய வேண்டும். வரிசை மாறினால் ஸ்லைடு மூடும்போது மேகசினிலிருந்து இன்னொரு தோட்டா சேம்பருக்குள் போய்விடும். சிக்கிய உயிர்த் தோட்டாவை (சுடாத, மருந்துள்ள தோட்டா) வெளியே எடுக்கும்போது, ஸ்லைடில் தோட்டா வெளியேறும் வாயை உள்ளங்கையால் மூடிப் பிடிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. தோட்டாவை வெளியே தட்டிவிடும் எஜெக்டரின் முனை, தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரில் இடித்தால் தோட்டா கையிலேயே வெடிக்கலாம். அது தானாகக் கீழே விழட்டும். மேசையில் வைத்துச் சோதிக்க மருந்தில்லாத போலித் தோட்டாவான டம்மி ரவுண்டு மட்டும் போதும். உயிர்த் தோட்டா சுடுதளத்தில் மட்டுமே.

இனி சிக்கலுக்கு வருவோம். 'ஜாம் ஆகிறது' என்று மட்டும் சொன்னால் எந்தப் பழுதாளராலும் காரணம் சொல்ல முடியாது. ஸ்லைடு எந்த இடத்தில் நின்றது, அப்போது தோட்டாவின் மூக்கு எங்கே இருந்தது என்று பார்க்க வேண்டும். சுடுவிரலை டிரிக்கரிலிருந்து எடுத்து, குழல் இலக்கை நோக்கியிருக்க, அப்படியே ஒரு கணம் பாருங்கள். மூக்கு கீழே குத்தி ராம்ப்பின் அடியில் முட்டி நின்றால், மேகசின் ஸ்பிரிங் தோட்டாவை வேண்டிய வேகத்தில் தூக்கவில்லை, அல்லது தோட்டாக்களைத் தாங்கும் ஃபாலோவர் தட்டு முன்பக்கம் சாய்கிறது என்று பொருள். மூக்கு மேலே எழும்பிச் சேம்பரின் மேல் விளிம்பில் இடித்தால், மேகசினின் வாயில் தோட்டாவைப் பிடித்திருக்கும் உதடுகள் அதை நேரத்துக்கு முன்பே விட்டுவிடுகின்றன. ஸ்லைடு மூடிவிட்டது, ஆனால் சேம்பர் காலி என்றால், ஸ்லைடு தோட்டாவின் தலைக்கு மேலாக வழுக்கிப் போயிருக்கிறது. மேகசின் முழுவதும் பூட்டிக்கொள்ளாததே இதற்குப் பொதுவான காரணம். தோட்டா ஏறக்குறைய முழுவதும் உள்ளே போய், ஸ்லைடு இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் மூடாமல் நின்றால் தேட வேண்டியது வேறு இடம்: சேம்பர், தோட்டாவின் அளவு, எக்ஸ்ட்ராக்டர் (உறையின் விளிம்பைப் பிடித்து இழுக்கும் கொக்கி), காய்ந்த கிரீஸ். சுட்ட வெற்று உறை வெளியேறும் வாயில் நட்டுக்கொண்டு நிற்பது ஏற்றும் கோளாறே அல்ல, வெளியேற்றும் கோளாறு. இதையும் அதையும் குழப்பிக்கொண்டு ராம்ப்பைத் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

முதல் சந்தேகம் மேகசின்மீதுதான் விழ வேண்டும். கையிலுள்ள மேகசின்களின் அடியில் 1, 2, 3 என்று எண் எழுதுங்கள். ஒவ்வொரு சிக்கலும் எந்த எண்ணில், எத்தனையாவது தோட்டாவில் வந்தது என்று குறியுங்கள். 2இல் மட்டும் சிக்குகிறது, மற்றவற்றில் சிக்கவில்லை என்றால் பிஸ்டலைத் தொடவே வேண்டாம். எத்தனையாவது தோட்டா என்பதும் நிறையச் சொல்லும். நிறைந்த மேகசினின் முதல் தோட்டாவில் மட்டும் வருவது, புது ஸ்பிரிங்கின் விறைப்பால் மேல் தோட்டா உதடுகளில் அழுந்திக் கிடப்பதால் இருக்கலாம். அப்போது ஒரு தோட்டா குறைத்து நிரப்பிப் பாருங்கள். கடைசி ஒன்றிரண்டில் மட்டும் வந்தால் ஸ்பிரிங்கின் அழுத்தம் போதவில்லை. ஏனெனில் மேகசின் காலியாகக் காலியாக ஸ்பிரிங் தளர்ந்துகொண்டே போகிறது; கடைசித் தோட்டாவைத்தான் அது மிகக் குறைந்த பலத்தோடு தூக்குகிறது. கழற்றிச் சுத்தம் செய்து திரும்பப் பூட்டும்போது ஸ்பிரிங்கை முன்பின் மாற்றிப் போட்டுவிட்டாலும் இதே சிக்கல் வரும். மேகசினுக்குள் எண்ணெய் விட வேண்டாம். தூசு சேரும், பிரைமருக்குள் எண்ணெய் இறங்கித் தோட்டா சுடாமலும் போகலாம். உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும். உதடுகளைப் பிளையரால் நெருக்கிச் சரிசெய்ய முயல்வதும் வேண்டாம். பாழாக்குவது குழலைவிட மலிவான பொருளாக இருக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது கிரீஸ். தொழிற்சாலையிலிருந்து வரும் பிஸ்டலில் இருப்பது துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய கெட்டியான காப்புப் பூச்சாக இருக்கலாம். அதை ஓட்டத்துக்கான எண்ணெய் என்று எண்ணிக்கொண்டு அப்படியே சுடத் தொடங்குவதாலும் 'மூடாமல் நிற்கிறது' என்ற புகார் வருகிறது. கையேட்டில் சொல்லியபடி பிரித்து, சேம்பரையும் குழலையும் கரைப்பானால் துடைத்து, உலரவிடுங்கள். பிறகு ஸ்லைடு ஓடும் தடங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு, குழலின் வெளிப்பக்கம் ஸ்லைடில் உரசும் இடங்களில் ஒரு மெல்லிய பூச்சு. சேம்பருக்குள்ளும் பிரைமரை அடிக்கும் ஃபயரிங் பின் ஓடும் துளையிலும் எண்ணெய் கூடாது.

கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்லைடைக் கையோடு பிடித்து மெதுவாக முன்னே விடுபவர்கள், ஸ்பிரிங்கின் வேகத்தைத் தாங்களே தின்றுவிடுகிறார்கள். தோட்டாவை மேகசினிலிருந்து உருவி, ராம்ப்பில் ஏற்றி, எக்ஸ்ட்ராக்டரின் கொக்கிக்குள் நுழைக்க அந்த முழு வேகமும் வேண்டும். கடைசிவரை இழுத்து, பட்டென்று கையை விட்டுவிட வேண்டும். சுடும்போது மணிக்கட்டு தளர்ந்திருந்தால் பிஸ்டல் முழுவதும் பின்னுக்குச் சாயும், ஸ்லைடு முழுத் தூரம் போகாது. எடை குறைந்த பாலிமர் சட்டப் பிஸ்டல்களில் இது கூடுதலாகத் தெரியும். வேறொரு அனுபவசாலி அதே பிஸ்டலில் அதே தோட்டாவைச் சிக்கலின்றிச் சுட்டால் காரணம் அங்கேயே தெரிந்துவிடும். பெருவிரல், ஸ்லைடைப் பின்னால் பூட்டும் ஸ்லைடு ஸ்டாப்பின்மேல் படுகிறதா என்பதையும் பாருங்கள். தோட்டா மிச்சமிருக்கும்போதே ஸ்லைடு பின்னால் பூட்டிக்கொள்வதற்கு அது ஒரு காரணம்.

தோட்டாவுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. குழலைத் தனியே கழற்றி, சேம்பர் மேலே பார்க்கும்படி பிடித்து, இதற்கு மட்டும் உயிர்த் தோட்டாவைக் கையால் உள்ளே விடுங்கள். 'டக்' என்று இறங்க வேண்டும், விரலால் திருப்பினால் தாராளமாகச் சுற்ற வேண்டும், குழலைக் கவிழ்த்தால் தானாக விழ வேண்டும். விழவில்லையென்றால் மார்க்கர் பேனாவால் தோட்டா முழுவதும் கறுப்பு பூசி மறுபடி விட்டுத் திருப்பிப் பாருங்கள். குண்டின் (உறையின் நுனியிலிருந்து பறக்கும் பகுதி) வளைவில் மை அழிந்திருந்தால் தோட்டா அந்தக் குழலுக்கு நீளம். உறையின் வாயில் அழிந்திருந்தால் வாய் சரியாக நெரிக்கப்படவில்லை. அடிப்பக்கம் அழிந்திருந்தால் உறை உப்பியிருக்கிறது. மறுநிரப்பு செய்த தோட்டாக்களில் இது சகஜம். 9×19 தோட்டாவின் முழுநீளம் 29.69 மி.மீ.ஐத் தாண்டக் கூடாது, உறை 19.15 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஆனால் இந்த வரம்புக்குள் இருந்தாலும், ரைஃப்ளிங் (குழலின் உட்பக்கச் சுருள் வரிகள்) சீக்கிரமே தொடங்கும் குழல்களில் அகன்ற மூக்குள்ள குண்டு முட்டும். ஆகவே ஒரு பிஸ்டலில் ஓடும் தோட்டா இன்னொன்றில் சிக்குவதில் வியப்பில்லை. பெட்டியின் மேல் எழுதியிருப்பதையும் நிதானமாகப் படியுங்கள். 9×18 மகரோவின் குண்டு 9×19ஐவிட ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் தடிமன்; .380 தோட்டாவின் உறை ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் குட்டை. எல்லாவற்றையும் 'நைன் எம்.எம்.' என்று கேட்டு வாங்குவது ஆபத்து. மூடாத ஸ்லைடின் முதுகில் விரலால் லேசாகத் தள்ளியும் போகவில்லையென்றால், ஓங்கித் தட்டி மூடவே கூடாது. தவறான தோட்டாவோ, முந்தைய சூட்டில் குழலுக்குள் சிக்கிய குண்டோ தடுத்துக்கொண்டிருக்கலாம். முந்தைய சூடு 'புஸ்' என்று பலவீனமாக ஒலித்திருந்தால் உடனே நிறுத்திக் குழலைப் பாருங்கள்.

ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப சேம்பரில் ஏற்றி இறக்கிச் சோதிப்பதும் கூடாது. ஒவ்வொரு முறையும் மூக்கு ராம்ப்பில் இடித்து, குண்டு உறைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் அபாயகரமாக ஏறும். புதுத் தோட்டாவின் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் குட்டையாகத் தெரிந்தால் அதைச் சுட வேண்டாம்.

1911 வகைப் பிஸ்டலில் மட்டும் எக்ஸ்ட்ராக்டரின் இறுக்கத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஸ்லைடைக் கழற்றி, ஒரு டம்மி ரவுண்டின் விளிம்பைக் கொக்கிக்குள் நுழைத்துப் பிடித்தால், லேசாக ஆட்டியும் அது விழக் கூடாது. ஆனால் நுழைக்கக் கையால் போராடவும் கூடாது. அதிக இறுக்கமென்றால் தோட்டா பாதி சாய்ந்த நிலையிலேயே நின்றுவிடும். சேம்பரில் நேராகத் தோட்டாவைப் போட்டு ஸ்லைடை மூடும் பழக்கம் இந்தக் கொக்கியை உடைக்கலாம். தோட்டா எப்போதும் மேகசின் வழியாகவே வர வேண்டும்.

ராம்ப்பைத் தேய்ப்பதை ஏன் இவ்வளவு அழுத்தமாக மறுக்கிறோம் என்றால், அதன் பளபளப்பைவிடக் கோணம்தான் முக்கியம். 1911இல் சட்டத்திலுள்ள ராம்ப்பின் மேல்விளிம்புக்கும் குழலின் அடிவிளிம்புக்கும் இடையே ஏறக்குறைய 0.8 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். சட்டத்து ராம்ப்பைத் தேய்த்து அது பின்வாங்கினால் அந்த இடைவெளி மாறி, வரும் குண்டு குழலின் விளிம்பிலேயே முட்டத் தொடங்கும். சேம்பர் வாயின் அடிவிளிம்பைக் கூடுதலாகச் சரித்தால் உறையின் அடிப்பக்கத்துக்குப் பிடிமானம் இல்லாமல் போய், சுடும்போது அந்த இடத்தில் உப்பி வெடிக்கலாம். ஸ்லைடை முன்னே தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கின் சுற்றுகளை வெட்டிக் குறைப்பதும் இதே ரகம்.

உற்பத்தியாளர் சிலர் முதல் 200 முதல் 500 சூடுவரை ஓட்டிப் பழக்கச் சொல்கிறார்கள். குண்டில் முழு உலோக மேலுறையும் உருண்டை மூக்கும் உள்ள தொழிற்சாலைத் தோட்டாவால் அதை முடியுங்கள்; நுனியில் குழியுள்ள ஹாலோ பாயிண்ட்டை அதன்பிறகு சோதிக்கலாம். அதற்குப் பிறகும், வெவ்வேறு மேகசின்களிலும் இரண்டு வகைத் தோட்டாக்களிலும் அதே இடத்தில் சிக்கினால் பிஸ்டலை விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள். கூடவே மேகசின் எண், எத்தனையாவது தோட்டா, ஸ்லைடு நின்ற இடம், மூக்கு இருந்த நிலை, தோட்டாவின் வகை ஆகியவற்றை எழுதிய தாளும், சிக்கலின் புகைப்படமும், சந்தேகத்துக்குரிய மேகசினும் போகட்டும். முந்தைய யோசனைக்குத் திருத்தமாக இதை வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
துப்பாக்கிப் பராமரிப்புப் பணியிலுள்ள வாசகர்கள்