வண்டியைத் தள்ளவாவது விடுங்கள்: நுகர்வோர் விவகாரத் துறைக்கு ஒரு மடல்

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். வாங்கின பொருளைக் கம்பெனியிடம் மட்டுமில்லாமல் வெளியிலும் பழுதுபார்த்துக்கொள்ளும் உரிமைக்காக 2022 ஜூலையில் குழு போட்டது நீங்கள்தான், அதே வருடம் டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று அதற்கென்று இணையதளம் திறந்ததும் நீங்கள்தான். அதனால் முன்கதை வேண்டாம். விவசாயக் கருவி, செல்போன், வீட்டு சாமான், வாகனம் என்று நாலு துறையை எடுத்துக்கொண்டீர்கள். அந்த நாலாவதைப் பற்றித்தான் இந்த மடல்.

இரண்டு வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தாளவாடியில் எங்கள் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. 74 வயது அம்மாவைப் பின்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு சத்தியமங்கலத்திலிருந்து கிளம்பினேன். பண்ணாரி தாண்டினால் திம்பம் மலைப்பாதை, 27 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவில் திரும்பும்போது இன்ஜின் நின்றது. திணறல் இல்லை, இருமல் இல்லை, லைட்டை அணைத்த மாதிரி. பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிட்டு சர்வீஸ் சென்டரை அணுகவும் என்று திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி. கொண்டை ஊசி வளைவில் பாதுகாப்பான இடம் எது என்று அதில் போடவில்லை.

ஏழெட்டுத் தடவை பட்டனை அமுக்கிப் பார்த்ததில் மூன்று வருடப் பழசான பேட்டரியும் படுத்துவிட்டது. அதோடு எல்லாம் போச்சு. ஆட்டோமேட்டிக் கியர் 'பி'யிலேயே, அதாவது பார்க்கிங்கிலேயே பூட்டிக்கொண்டது, கைபிரேக் என்று பேர்தான், கையால் பிடித்து இழுக்க அங்கே ஒன்றும் கிடையாது, ஒரு பட்டன், கரண்ட் இல்லாமல் அது விடாது, ஜன்னல் கண்ணாடியும் இறங்காது. மேலேயிருந்து வந்த கரும்பு லாரி ஒன்று வளைய இடமில்லாமல் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது, அதற்குப் பின்னால் பஸ், எங்களுக்குப் பின்னால் கார், பைக், இன்னொரு லாரி. எட்டுப் பேர் இறங்கி வந்து தோள் கொடுத்தார்கள். வண்டி ஒரு அங்குலம் நகரவில்லை. கரும்பு லாரி டிரைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "தள்ளக்கூட முடியாத வண்டிய எதுக்குங்க வாங்குனீங்க?"

என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா?

லாரி பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்கலாம் என்றால் அது 24 வோல்ட், கார் 12. சிக்னல் வருவதும் போவதுமாக இருந்த போனில் கம்பெனி உதவி எண்ணைப் பிடித்தேன். அந்தப் பெண் ரொம்ப மரியாதையாக, லொகேஷனை ஆப் வழியாக அனுப்புங்கள் சார் என்றார். கடைசியில் ஒன்றரை மணி நேரம் கழித்து தக்காளி ஏற்றிவந்த சின்ன பிக்கப்காரர் ஒருவர் தன்னிடம் இருந்த கேபிளைப் போட்டு உயிர் கொடுத்தார், பிரேக் விட்டது, எல்லோருமாகச் சேர்ந்து ஓரத்துக்குத் தள்ளினோம். அதுவரை அம்மா கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒரு தடவை என்னைக் கூப்பிட்டு, ஒதுங்க எங்கேயாவது இடம் இருக்குமா என்று மெதுவாகக் கேட்டார். ஒரு பக்கம் யானைக்காடு, இன்னொரு பக்கம் பள்ளம், சுற்றி நாற்பது ஆம்பளைகள். அதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை.

இதே மலையில் எங்கள் அப்பாவின் அம்பாசிடரும் நின்றிருக்கிறது, ஒரு தடவை அல்ல, பல தடவை. சித்திரை வெயிலில் ஏற்றம் ஏறினால் பெட்ரோல் பம்ப் சூடாகி, உள்ளே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும். அப்பா பானெட்டைத் திறப்பார், தோளில் கிடந்த துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பம்ப் மேல் சுற்றுவார், ஒரு பீடி முடியும்வரை நிற்பார், வண்டி கிளம்பிவிடும். ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்தால் நெருப்புப் பொறிக்குக் கரண்டை விட்டு விட்டுக் கொடுக்கும் சிபி பாயிண்டை உப்புத்தாளால் ரெண்டு தேய்ப்பு. அதற்கும் மசியவில்லையா, நியூட்ரலில் போட்டு இரண்டு பேர் தள்ளினால் ஓரத்துக்குப் போய்விடும். அப்பா எட்டாவது வரைக்கும்தான் படித்தவர்.

பழசுதான் உசத்தி என்று சொல்லவரவில்லை. அந்த வண்டியில் ஏர்பேக் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது, பின்சீட்டில் பெல்ட்டும் கிடையாது. அது கக்கின புகையை இன்றைக்கு நினைத்தாலும் தொண்டை கமறுகிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது கை தட்டியவன் நான். சென்சார் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம் என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கம்ப்யூட்டரின் சாவி கம்பெனியின் இடுப்பில் மட்டும் தொங்க வேண்டாம் என்றுதான் கேட்கிறோம்.

அதையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கே எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் மலையேறி வந்தார். அவருடைய ஸ்கேனரைச் செருகினதும் பி0335 என்ற கோளாறு எண்ணைக் காட்டியது. இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார். இன்ஜின் சூடேறினால் சிக்னல் விட்டுப்போகும், சிக்னல் இல்லையென்றால் எப்போது பெட்ரோல் தெளிப்பது, எப்போது நெருப்புப் பொறி கொடுப்பது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது, அணைத்துவிடும். சுண்டுவிரல் நீளச் சாமான், ஒரே ஒரு போல்ட். "பத்து நிமிச வேலைங்க, ஆனா மாட்டுனதுக்கப்புறம் வண்டிக்கு இத அறிமுகப்படுத்தி வைக்கோணும், அந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்காரங்ககிட்டத்தான் இருக்குது" என்றார். சாமானையும் வெளியே விற்பதில்லையாம். முப்பது வருடம் கார் பார்த்த மனிதர், பெண் பார்க்கும் வீட்டு வாசலில் தரகர் இல்லாமல் நிற்கிற மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

ஆக, பத்து நிமிட வேலைக்காகக் கார் லாரி முதுகில் ஏறி, எங்கள் ஊரிலிருந்தே 70 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோவைக்குப் போனது. சென்சார் விலை இரண்டாயிரத்துக்கும் கீழே, ஏற்றிப்போன கூலி ஆறாயிரத்து ஐநூறு. போய்ச் சேர்ந்த பிறகும் சர்வர் கனெக்ட் ஆகவில்லை, லாகின் அனுமதி மேலிடத்திலிருந்து வர வேண்டும் என்று தினம் ஒரு பதில்.

இது உங்களுக்குப் புது விஷயமும் இல்லை. 2014 ஆகஸ்டில், வியாபாரத்தில் நியாயமான போட்டி நடக்கிறதா என்று பார்க்கும் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது எதற்காக? உதிரிப் பாகத்தையும், கோளாறு கண்டுபிடிக்கும் கருவியையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. அம்பாசிடரும் மாருதி 800-ம் உற்பத்தி நின்றதும் அதே 2014-தான். தெருமுனையில் பழுதுபார்க்க முடிந்த வண்டிகள் போய்விட்டன, தெருமுனையில் பழுதுபார்க்கலாம் என்ற உத்தரவு மட்டும் காகிதத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-லேயே இதற்குச் சட்டம் போட்டுவிட்டது. நீங்கள் திறந்த அந்த இணையதளத்தில் நான் தேடிப்போனது சாஃப்ட்வேர், கிடைத்தது கஸ்டமர் கேர் நம்பர். நான் ஏற்கெனவே பேசிய அதே நம்பர்.

இன்னும் என்னவெல்லாம் வரப்போகிறதோ. ஜெர்மன் கம்பெனி ஒன்று சில நாடுகளில் சீட்டைச் சூடாக்கும் வசதிக்கு மாதச் சந்தா வாங்கிப் பார்த்தது, ஜனங்கள் திட்டினதும் 2023-ல் விட்டுவிட்டது. எங்கள் ஊருக்கு அந்தக் கவலை இல்லை, மே மாதம் சீட் இலவசமாகவே சூடாகும். ஆனால் நாளைக்கே வைப்பருக்கு ரீசார்ஜ் செய்யச் சொன்னால் ஆச்சரியப்பட மாட்டேன். மழை வந்ததும் ஓடிபி வரும், ஓடிபி போட்டால் கண்ணாடி துடைக்கும்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். தயவுசெய்து நான் கேட்பது இவ்வளவுதான். கார் கம்பெனிகள் தங்கள் சொந்த ஒர்க்‌ஷாப்புக்குக் கொடுக்கிற சாஃப்ட்வேரையும் கையேட்டையும் பாகத்தையும், நியாயமான விலைக்கு, எந்த மெக்கானிக் கேட்டாலும் கொடுக்க வேண்டும் என்று கட்டாயமாக்குங்கள். விருப்பப்பட்டால் கொடுக்கலாம் என்பது வேண்டாம், கட்டாயம். சாஃப்ட்வேர் வெளியே போனால் வண்டி திருடுபோகும் என்று சாக்கு சொல்வார்கள், அப்படியென்றால் மெக்கானிக்கின் அடையாளத்தைப் பதிந்துகொண்டே கொடுக்கட்டும், எங்கள் மெக்கானிக் அண்ணன் ஆதாரோடு வரத் தயார். அப்புறம், உங்கள் துறைக்குள் வராது என்றால் போக்குவரத்து அமைச்சகத்துக்காவது ஒரு கடிதம் போடுங்கள்: பேட்டரி செத்தாலும் கியரையும் பிரேக்கையும் கையால் விடுவிக்க ஒரு வழி, சீட்டைக் கழற்றாமல் கைக்கு எட்டுகிற இடத்தில், எல்லாக் காரிலும் இருக்க வேண்டும் என்று.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கோவையிலிருந்து போன் வந்தது. லாகின் கிடைத்துவிட்டதாம், சென்சார்தான் ஸ்டாக் இல்லையாம்.

இப்படிக்கு,
பதினாலு நாளாக பஸ்ஸில் போய்வரும் ஒரு கார் உரிமையாளர்,
சத்தியமங்கலம்