சனிக்கிழமை என்று முடிவு கட்டாதே, பிள்ளை

சௌதாம்ப்டன்
ஞாயிறு இரவு

அன்பு மகள்,

நேற்று நீ போனில் "அப்பா, வாற சனி லிமிங்டனில இருந்து வெளிக்கிடுறம், ஞாயிறு இரவு டார்ட்மத்" என்று சொன்னபோது நான் உடனே ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷத்தில் வாய் வரவில்லை. நீயும் உன் இரண்டு சிநேகிதிகளும் காசு சேர்த்து ஒரு பழைய 28 அடிப் படகை வாங்கி, குளிர்காலம் முழுக்க அடிப்பாகத்தைச் சுரண்டிப் பெயின்ட் அடித்து, இப்போது அதை டெவன் வரைக்கும் பாய் விரித்துக் கொண்டு போகப் போகிறீர்கள். இதைக் கேட்க உன் பூட்டன் இல்லையே என்றுதான் முதலில் நினைத்தேன். போனை வைத்த பிறகு குசினியில் தொங்குகிற தமிழ்க் கலண்டரைப் பார்த்தேன். வாற வியாழன் பறுவம், முழு நிலவு.

அதனால்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு வேறு வேலை பார்ப்பாய். கடிதம் என்றால் மேசையில் வைத்து, அட்லஸைப் பக்கத்தில் விரித்து, ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பாய். உன் குணம் எனக்குத் தெரியும்.

பறுவம், அமாவாசை இரண்டுக்கும் ஒன்றரை இரண்டு நாள் பிந்தித்தான் கடல் மிகக் கூடுதலாக ஏறி, மிகக் கூடுதலாக இறங்கும். அட்டமி கழிந்து இரண்டு நாளில் அது மிகக் குறைந்து நிற்கும். இதற்கு ஒரு அட்டவணையும் தேவையில்லை. கோயிலுக்குப் போக அம்மா பார்க்கிற அதே கலண்டர் போதும். வல்வெட்டித்துறையில் கடல் அரை மீற்றர் ஏறி இறங்கினாலே பெரிது. அதனால் உன் பூட்டன் தண்டையலாக நாகபட்டினத்துக்கும் பர்மாவுக்கும் போன காலத்தில் காற்றையும் மேகத்தையும்தான் பார்த்தார். நாங்கள் இங்கே தண்ணீரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். போர்ட்ஸ்மத்தில் பெரிய ஏற்ற இறக்கத்தின்போது வித்தியாசம் நாலு மீற்றர் அளவுக்கு வரும். வைட் தீவுக்கும் கரைக்கும் நடுவில் உள்ள சொலென்ட் நீரிணையில் மேற்குப் பக்கமாக ஓடுகிற தண்ணீர் முழுக்க ஹர்ஸ்ட் கோட்டைக்கு முன்னால் உள்ள இடுக்கு வழியாகத்தான் வெளியேறவும் வேண்டும், உள்ளே வரவும் வேண்டும். அங்கே நீரோட்டம் நாலு 'நாட்'டுக்கு மேல், அதாவது மணிக்கு நாலு கடல் மைலுக்கு மேல் ஓடும். உங்கள் படகின் வேகமே ஐந்து நாட்.

இப்போது உன் சனிக்கிழமையைப் பார். பறுவம் கழிந்து இரண்டாம் நாள். அப்படியான நாட்களில் போர்ட்ஸ்மத்தில் பெருக்கு, அதாவது கடல் உச்சத்துக்கு ஏறி நிற்கிற நேரம், நடுப்பகலை ஒட்டி வரும். கோடை நேரக் கணக்கில் பன்னிரண்டரை, ஒரு மணி. மேற்கே போகிற நீரோட்டம் அதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முந்தித் தொடங்கி ஐந்தரை மணி நேரம் வரை ஓடும். அதைப் பிடிக்க நீ லிமிங்டனிலிருந்து பதினொரு மணிக்குத்தான் வெளிக்கிடலாம். நீடில்ஸ் பாறைகளைத் தாண்டும்போது மதியம் கடந்துவிடும். வெயில் நாளில் அந்த நேரம் கரை சூடாகிக் கடல்காற்று எழும்பும். முன்னறிவிப்பு போஃபோர்ட் காற்று அளவில் மூன்று என்று சொன்ன தென்மேற்குக் காற்றை அது ஐந்தாக்கிவிடும். நீரோட்டம் உன்னை மேற்கே தள்ள, காற்று மேற்கிலிருந்து உன் முகத்தில் அடிக்கும். ஓடுகிற தண்ணீரை எதிர்க்காற்று மறிக்கும்போது அலைகள் ஒன்றுக்கொன்று நெருங்கிச் செங்குத்தாக எழும்பும். அதே காற்று, அதே இடம். நீரோட்டம் திரும்பி காற்றோடு ஓடத் தொடங்கினால் ஒரு மணி நேரத்தில் கடல் பணிந்துவிடும். இங்கிலாந்தின் தென்கரையில் மேற்கே போகிறவர்களுக்கு இதுதான் எப்போதும் உள்ள தொல்லை. இங்கே கூடுதலான நாட்கள் தென்மேற்குக் காற்றுத்தான்.

ஒரு கிழமை பொறுத்தால் என்ன நடக்கும்? அட்டமி கழிந்திருக்கும். பெருக்கு காலை ஏழு மணியளவில் வரும். ஐந்தே காலுக்குக் கயிற்றை அவிழ்த்தால் ஆறு மணிக்கு ஹர்ஸ்ட். ஜூனில் அந்த நேரம் நல்ல வெளிச்சம். நீரோட்டம் அரைவாசிப் பலத்தில்தான் உதவி செய்யும்; ஆனால் வேமத் வரைக்கும் உள்ள 35 கடல் மைலை மதியத்தோடு முடித்துவிடுவாய், கடல்காற்று எழும்புகிற நேரம் நீங்கள் துறைமுகச் சுவரில் கட்டிவிட்டுத் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கலாம்.

உனக்குப் பதினொரு வயதில் ஹர்ஸ்ட்டில் நின்றோமே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது உனக்குச் சரியாகச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். பூலிலிருந்து திரும்பி வந்தோம். கடையில் வாங்கின சிறு புத்தகத்தில் பெருக்கு நேரம் ஏற்கனவே கோடை நேரத்தில் அச்சாகியிருந்தது. பெரிய ஆல்மனாக்கில் எல்லாம் கிரீன்விச் நேரத்தில் இருக்கும், ஒரு மணி கூட்ட வேண்டும். அந்தப் பழக்கத்தில் நான் இதற்கும் கூட்டிவிட்டேன். மூன்று மணிக்குத் திரும்பும் என்று நான் நினைத்த நீரோட்டம் இரண்டு மணிக்கே திரும்பிவிட்டது. நாங்கள் போனது மூன்றாக இருபது நிமிடம் இருக்க. பாயில் நிறையக் காற்று. படகின் இரண்டு பக்கமும் தண்ணீர் நுரைத்து ஓடுகிறது. பார்க்கிறவனுக்கு நல்ல வேகம். ஆனால் கோட்டைச் சுவரில் நான் குறி வைத்த ஒரு கறுப்புச் சன்னல் இருந்த இடத்திலேயே இருந்தது. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தேன், அங்கேதான். நீ "அப்பா, ஏன் அந்த மனிசன் இன்னும் எங்களுக்குப் பக்கத்திலேயே நிக்கிறார்?" என்று கேட்டாய். கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர். இரண்டு மணி நேரம் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றோம். பிறகு திரும்பிப் போய் டொட்லண்ட் குடாவில் நங்கூரம் போட்டு, இரவு எட்டு மணிக்கு வழி கிடைக்கும்வரை கிடந்தோம். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. திங்கட்கிழமை எனக்கு வேலை, உனக்குப் பள்ளிக்கூடம். அந்தத் திங்கட்கிழமைக்காகத்தான் இரண்டு மணி நேரமாகியும் விடாமல் நின்றேன். திரும்பிப் போவோம் என்று முதல் பத்து நிமிடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஆகவே இந்த வேலையைக் கையால் செய். சொலென்ட்டுக்கு ஒரு நீரோட்ட அட்லஸ், போர்ட்லண்ட் பக்கத்துக்கு இன்னொன்று, இரண்டையும் பார்சலில் அனுப்புகிறேன். பெருக்கு நேரம் போட்ட பக்கத்தின் மேலே பென்சிலால் அன்றைய மணியை எழுது, கோடை நேரத்தில். பிறகு முன்னும் பின்னும் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொரு மணி. எழுதி முடிந்ததும் படகு ஆறு மணிக்கு எங்கே, ஏழு மணிக்கு எங்கே என்று பக்கத்தைப் புரட்டிக்கொண்டே போகலாம். அம்புக்குறிக்குப் பக்கத்தில் 19,34 என்று இருந்தால் சிறிய ஏற்ற இறக்க நாளில் 1.9 நாட், பெரிய நாளில் 3.4 நாட். அளந்த இடம் அந்தக் காற்புள்ளி. போன் செயலியும் இதையெல்லாம் காட்டும். அது சரிபார்க்க நல்லது. ஆனால் தானே எழுதின மணி தலையில் நிற்பதுபோல் திரையில் பார்த்தது நிற்காது. போர்ட்லண்ட் அட்லஸில் ஒரு பக்கத்தில் மஞ்சள் கிரேயோனில் மீன் வரைந்திருக்கும். அது உன்னுடையது.

கடல் முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அடுத்த மணியில் இரண்டு, பிறகு மூன்று என்று ஏறும் என வகுப்பில் சொல்லித் தந்த கணக்கை இந்தக் கரையில் நம்பாதே. சௌதாம்ப்டனில் பெருக்கு இரண்டு தரம் வருவதை நீ சின்னனிலேயே பார்த்திருக்கிறாய். வைட் தீவைச் சுற்றித் தண்ணீர் இரண்டு வழியாக வருவதால்தான் என்று அப்போது சொல்லித் தந்தேன். அது பிழை. இந்தப் பகுதியில் பிரதான அலையின் ஏற்றம் குறைவு, அதனால் ஆழம் குறைந்த கடலில் பிறக்கும் சிறிய துணை அலைகள் மேலே தெரிகின்றன. போர்ட்லண்ட் பக்கம் போனால் அதே காரணத்தால் வற்று, அதாவது கடல் மிக இறங்கி நிற்பது, இரண்டு தரம் வரும்.

சரி, காற்று. ஐந்து நாளுக்கு அப்பால் உள்ள முன்னறிவிப்பை ஆசைக்குப் பார்க்கலாம், முடிவுக்கு வைக்காதே. மூன்று நாள் இருக்கும்போது தொடர்ந்து பார். ஒவ்வொரு அறிக்கையும் முந்தினதையே சொன்னால் நம்பலாம். ஆளுக்கொரு கதை சொன்னால் காத்திரு. அத்திலாந்திக்கிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வருகிற தாழமுக்கங்களுக்கு நடுவில் ஒரு பகல், சில வேளை இரண்டு பகல் கிடைக்கும். குளிர்முகம் கடந்து காற்று வடமேற்குக்குத் திரும்பி மூன்று நாலுக்கு இறங்கும்போது கரை உனக்கு மறைப்பாகிவிடும். பழைய அலை அடங்க அரை நாள் விட்டுப் போ. கரையோர அறிக்கையில் செல்சி பில் முதல் லைம் ரீஜிஸ் வரை உள்ளது உன் பகுதி. கடும் காற்று எச்சரிக்கையில் 'லேட்டர்' என்று வந்தால் பன்னிரண்டு முதல் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் என்று அர்த்தம். பிறகு பார்க்கலாம் என்று அதை விடாதே.

திரும்புவதற்கான இடத்தைக் கரையில் இருக்கும்போதே மூன்று பேரும் பேசி எழுதி வையுங்கள். என் கணக்கில் அது ஓல்ட் ஹரியின் வெள்ளைப் பாறைகள் தெரிகிற இடம். அதுவரை பூல் இருக்கிறது, ஸ்டட்லண்ட் இருக்கிறது, ஸ்வானேஜ் குடாவில் நங்கூரம் போடலாம். செயின்ட் அல்பன்ஸ் முனையைத் தாண்டினால் வேமத் வரைக்கும் நம்பி ஒதுங்க இடமில்லை. அந்த முனையிலும் கடல் கொந்தளிக்கும். லல்வேர்த்தில் ராணுவம் சுடுகிற நேரங்களை முதல் நாளே கேட்டு வை.

ஒரே மூச்சில் டார்ட்மத் போகலாம் என்று உன் சிநேகிதி சொன்னாள் என்றாய். நேரத்தை வைத்துப் பார். போர்ட்லண்ட் பில் என்கிற முனையை மேற்கே தாண்டுவதற்கு ஏற்ற நேரம் டோவர் பெருக்குக்கு ஒரு மணி முந்தியிலிருந்து இரண்டு மணி பிந்தி வரை. ஹர்ஸ்ட்டை விட்டு வெளியேறுகிற நேரமும் கிட்டத்தட்ட அதுதான். ஆகவே மேற்கே போகிற ஒரே ஓட்டத்தில் இரண்டையும் பிடிக்க முடியாது. வேமத்தில் படுத்து எழும்பித்தான் போக வேண்டும்.

பில்லைப் பற்றி மட்டும் இரண்டு தரம் வாசி. அந்தத் தீபகற்பத்தின் இரண்டு பக்கமும் பன்னிரண்டு மணி நேரத்தில் ஒன்பது பத்து மணி நேரம் தண்ணீர் தெற்கே ஓடும். முனையில் அது ஆங்கிலக் கால்வாயின் பெரிய ஓட்டத்தோடு மோதும். பெரிய நாளில் ஏழு நாட்டைத் தாண்டும். காற்று இல்லாத நாளிலும் அங்கே தண்ணீர் கொதிக்கிற பானை மாதிரி இருக்கும். கரையை ஒட்டி, சிவப்புப் பட்டி போட்ட வெள்ளை வெளிச்சவீட்டுக்குக் கீழே, ஒடுங்கிய ஒரு நல்ல வழி உண்டு. கல்லிலிருந்து இருநூறு மீற்றருக்குள். அங்கே சிங்கறால் கூடுகளின் மிதவைகளை நீரோட்டம் தண்ணீருக்குக் கீழே இழுத்து வைத்திருக்கும், ஒருவர் படகின் முன்பக்கம், அணியத்தில், நின்று பார்க்கட்டும். பெரிய நாள், இரவு, எதிர்க்காற்று இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அந்த வழி வேண்டாம். ஐந்து மைல் வெளியே போ. இந்தியாவுக்குப் புறப்பட்ட 'ஏர்ல் ஒஃப் அபர்கவென்னி' என்ற பெரிய கப்பல் 1805 பெப்ரவரி 5ஆம் திகதி இங்கேதான் ஷாம்பிள்ஸ் மணல்திட்டில் அடித்தது. காற்று விழுந்ததும் நீரோட்டம் அதை இழுத்துக்கொண்டு போயிருந்தது. இருநூறுக்கு மேற்பட்டோர் போனார்கள். காற்று விழுந்தால் எஞ்சின்தான் துணை. உங்கள் எஞ்சினின் டீசல் வடிகட்டியை மாற்றினாயா? இல்லையென்றால் இந்தக் கிழமையே மாற்று.

பில்லைத் தாண்டினால் லைம் குடா, நாற்பது மைல், டோர்பே வரைக்கும் மேற்குக் காற்றில் நுழையக்கூடிய துறைமுகம் கிடையாது. வேமத்தில் காலை எழும்பிப் பார்க்க மனம் ஒப்பவில்லையென்றால் படகைக் கட்டிவிட்டு ரயில் ஏறு. வேமத்திலிருந்து பிரிஸ்டலுக்கு நேர் ரயில் இருக்கிறது. திங்கட்கிழமை வேலைக்குப் போகலாம். துறைமுகக் காசை நான் கட்டுகிறேன், நாளுக்கொரு தரம் போய்க் கயிறும் பார்க்கிறேன். எனக்கு இப்போது வேறு என்ன வேலை?

உன் பூட்டன் சோழகம் என்கிற தென்மேற்குக் காற்று சரியாக அமையும்வரை ஊரில் கிழமைக் கணக்கில் கிடப்பார் என்று என் அப்பா சொல்லுவார். பாட்டி சமைத்துக் கட்டின சோற்றைப் பிள்ளைகள் மூன்று தரம் சாப்பிட்டு முடித்த பிறகுதான் ஒரு நாள் கப்பல் போகுமாம். அன்னபூரணி எங்கள் ஊரில் கட்டி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டருக்குப் போய்ச் சேர்ந்ததை நாங்கள் எல்லோரும் பெருமையாகச் சொல்லுகிறோம். போன தூரத்தைத்தான் சொல்லுகிறோம், காத்துக் கிடந்த நாட்களைச் சொல்வதில்லை.

சிநேகிதிகளுக்கு லீவு பிரச்சினை என்றால் நான் அவர்களோடு கதைக்கிறேன். அடுத்த கிழமை வெள்ளியிலிருந்து திங்கள் வரை எந்த நாளும் தண்ணீர் உங்களுக்கு உதவும். காற்று எந்த நாளில் வழி விடுகிறது என்பதை வியாழன் இரவு சேர்ந்து பார்ப்போம். அம்மா பருத்தித்துறை வடை சுட்டு ஒரு டின் தருவாள். போகிற நாள் காலை ஐந்து மணிக்கு நான் லிமிங்டன் கரையில் நிற்பேன். கடலைப் பார்த்துவிட்டு இன்றைக்கு வேண்டாம் என்று நீ சொன்னால், வடையை அங்கேயே இருந்து சேர்ந்து சாப்பிடுவோம்.

அன்புடன்,
அப்பா