வாய்க்கால் வெட்ட வெட்ட வளரும் ஓடை: கனடாவின் சஸ்காட்செவன் மாகாண நீர்ப் பாதுகாப்பு முகமைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். நம் மாகாணத்தின் கிழக்கு ஓரத்தில், லாங்கன்பர்க் பக்கமாக ஓடி அசினிபோயின் ஆற்றில் கலக்கும் ஸ்மித் ஓடையை முன்வைத்து இதை எழுதுகிறேன். ஏறக்குறைய 400 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பு கொண்ட சின்ன ஓடைதான். ஆனால் வயலில் கிடக்கும் குட்டைகளை வடிக்க அனுமதி கேட்டு உங்கள் மேசைக்கு வரும் ஒவ்வொரு வடிகால் விண்ணப்பத்துக்கும் அது சொல்ல வேண்டிய சேதி ஒன்று இருக்கிறது.

பிரெய்ரி எனப்படும் நம் புல்வெளிச் சமவெளியில் விழும் நீரெல்லாம் சரிவு பார்த்து ஆற்றுக்கு இறங்கிவிடுவதில்லை. பனியாறுகள் விட்டுச் சென்ற மேடுபள்ளங்களில் எண்ணற்ற குட்டைகள் கிடக்கின்றன. உருகிய பனிநீர் முதலில் அவற்றில்தான் தங்கும். ஒரு குட்டை நிரம்பி மறுகால் பாய்ந்தால்தான் அடுத்த குட்டைக்கு நீர் போகும். வறண்ட ஆண்டுகளில் பெரும்பாலான குட்டைகள் ஓடைக்கு ஒரு சொட்டும் தருவதில்லை. அதனால்தான் இங்குள்ள நீரியலாளர்கள் ஒரே ஓடைக்கு இரண்டு பரப்புகளைக் கணக்கிடுகிறார்கள். மேட்டு விளிம்புக்குள் அடங்கும் மொத்தப் பரப்பு ஒன்று. சராசரி ஆண்டில் உண்மையிலேயே ஓடைக்கு நீர் அனுப்பும் பரப்பு மற்றொன்று.

முதலாவதைப் பனியாறு வரைந்தது. இரண்டாவதை இப்போது மண்வாரி இயந்திரங்கள் மாற்றி வரைகின்றன. 1958-இல் ஸ்மித் ஓடைப் படுகையில் ஏறக்குறைய கால் பங்கு இப்படிப்பட்ட குட்டைகள் நிறைந்த ஈரநிலமாக இருந்தது. 2008-இல் அது பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிட்டது. அதே காலத்தில் வடிகால்களின் நீளம் 117 கிலோமீட்டரிலிருந்து 930 கிலோமீட்டர் ஆனது. வாய்க்கால் வெட்டியதாலேயே ஓடைக்கு நீர் அனுப்பும் நிலம் பெருகிவிட்டது.

ஏப்ரலில் அங்கே போய்ப் பாருங்கள். அடிமண் இன்னும் உறைந்திருப்பதால் உருகும் நீரை அது உள்ளே வாங்காது. வயலின் குறுக்கே இடுப்பளவு ஆழத்தில் வெட்டிய கால்வாயில், தேநீர் நிறத்தில், போன பருவத்துக் கோதுமைத் தாளையும் கரைந்த உரத்தையும் இழுத்துக்கொண்டு, சரளைச் சாலைக்கு அடியிலுள்ள குழாய்ப்பாலத்துக்குள் நீர் முட்டி மோதிப் பாய்கிறது. அந்த உரத்தின் பாஸ்பரஸும் ஆற்றோடு போய், கடைசியில் வின்னிபெக் ஏரியில் பாசியாகப் படர்கிறது.

2011 வெள்ளத்தை வைத்து சஸ்காட்செவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் போட்ட கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. 1958-இல் இருந்த ஈரநிலங்கள் அப்படியே இருந்திருந்தால் இந்த ஓடையில் வெள்ளத்தின் உச்சம் 32 விழுக்காடு குறைந்திருக்கும். எஞ்சியவற்றையும் வடித்துவிட்டால் 78 விழுக்காடு கூடும். அதே ஆண்டு மே மாதம், கிழக்கே அண்டை மாகாணமான மானிடோபாவின் அரசு அசினிபோயின் கரையைத் தானே உடைத்து நீரை வயல்களுக்குள் திருப்பிவிட வேண்டியிருந்தது. அதே மாகாணத்தின் செயின்ட் மார்ட்டின் ஏரிக் கரையில் வாழ்ந்த முதற்குடி மக்கள் வீடிழந்து, ஊர் திரும்ப முடியாமல் பல ஆண்டுகள் அலைந்தார்கள். அவ்வளவுக்கும் ஸ்மித் ஓடை மட்டுமே காரணமில்லை. ஆனால் அந்த ஆற்றுக்கு இப்படிப்பட்ட ஓடைகள்தானே நீர் கொண்டுவருகின்றன?

விவசாயிகளைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. அகலமான விதைப்பு இயந்திரத்தை ஒவ்வொரு குட்டையையும் சுற்றித் திருப்பும்போது விதையும் உரமும் எரிபொருளும் வீணாகின்றன. நிலத்தின் விலையோ ஏறிக்கொண்டே போகிறது. குட்டையைக் காக்கும் பயன் ஊருக்கெல்லாம், செலவு மட்டும் அவருக்கு என்றால் அவர் வாய்க்கால் வெட்டத்தான் செய்வார். குட்டையை விட்டுவைப்பவருக்குப் பொதுப்பணத்திலிருந்து ஆண்டுதோறும் ஈடு கொடுங்கள்.

எந்தக் காலத்தில் வெட்டிய வடிகாலுக்கும் அனுமதி வேண்டும் என்று 2015-இல் விதி கொண்டுவந்தீர்கள். நல்ல விதி அது. ஆனால் அனுமதி தரும்போது அண்டை நிலத்துக்காரரின் சம்மதத்தோடும் நீர் போய்ச் சேர வழி இருக்கிறதா என்பதோடும் நின்றுவிடக் கூடாது. எவ்வளவு தேக்கம் அழிகிறது, அதற்கு ஈடாக அதே படுகையில் எங்கே தேக்கி வைக்கப்படும் என்பதை எழுத்தில் கேளுங்கள். ஓடைக்கு நீர் அனுப்பும் பரப்பின் வரைபடத்தை, இன்றுள்ள வடிகால்களையும் சேர்த்துப் புதிதாக வரைந்து மக்கள் பார்வைக்கு வையுங்கள். ஸ்மித் ஓடையில் தொடங்குங்கள். தரவுகள் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன.

இப்படிக்கு,
சஸ்காட்செவனில் வாழும் ஒருவர்